வெறும் வயிற்றில் பார்த்த வேன்

1936ஆம் வருடம் மார்ச் மாதம் 19ஆம் தேதி, வியாழக்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். குளித்துவிட்டு முந்தின நாள் குறிப்பை எழுதி முடித்தேன். எனக்கு எப்போதும் முதல் காரியம் அதுதான். ஐந்தேகாலுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தேன். வடக்குப் பாத்திகளுக்கு வாய்க்கால் தண்ணீர் ஏறியிருந்தது. நாலு அகத்தி மரங்களில் கிளை கழித்தோம். வியாழன் ரயிலுக்கு வெற்றிலை போகாத நாள், ஆகையால் கிள்ளுகிறவர்கள் வரவில்லை. உள்ளூர்க் கடைகளுக்காக நானும் வண்டிக்காரருமாக இருபது கவுளி கிள்ளினோம். கவுளி என்றால் நூறு வெற்றிலை. எட்டரைக்கு வீடு திரும்பி, பழைய சோறும் நார்த்தங்காயும் சாப்பிட்டேன். ஒன்பதேமுக்காலுக்குக் கம்பத்திலிருந்து அந்த வேன் வந்து எங்கள் வீட்டு முன் களத்தில் நின்றது.

இதையெல்லாம் அந்த வருடத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் நேரம் காலம் தப்பும் என்பார்கள். எனக்கு ஒன்றும் தப்பவில்லை, கோபமும் போகவில்லை.

நாங்கள் சின்னமனூரில் வெற்றிலை வியாபாரம் செய்தோம். கொடிக்கால் எனக்கும் தம்பிக்கும் பொது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியலில் கிள்ளி, அடுக்கி, நனைத்த வாழைச்சருகு சுற்றிக் கூடையில் வைத்து, பதினோரு மணிக்கு மாட்டுவண்டியில் ஏற்றுவோம். பதினான்கு மைல் போய்த் தேனி ஸ்டேஷனில் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை மதுரை மண்டியில் சரக்கு இறங்கும். எங்களிடம் இரண்டு ஜோடி மாடுகள் இருந்தன. ஒரு நாள் ஒரு ஜோடி, மறு முறை அடுத்த ஜோடி என்று மாற்றிக் கட்டுவோம். எந்த ஜோடியானாலும் வீரபாண்டியில் அவிழ்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நிழலில் போட்டால்தான் மிச்ச தூரத்தை இழுக்கும். மார்கழியில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மாசி பிறந்துவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கூடையின் ஓரத்து வெற்றிலை கருகத் தொடங்கும். மாட்டை விரட்டினால் மாடு படுத்துவிடும். விரட்டாவிட்டால் ரயில் போய்விடும்.

அந்த மாசியில் மூன்று தடவை ரயிலைத் தவறவிட்டோம். மதுரை மண்டிக்காரர் ஒரு கார்டு எழுதினார். சித்திரை முதல் தேதியிலிருந்து சரக்கு வாடாமல், நாள் தவறாமல் வர வேண்டும். முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு ஊர் வெற்றிலை எடுத்துக்கொள்கிறேன் என்று நாலே வரி. கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மண்டியை விட்டால் எங்களுக்கு வேறு மண்டி கிடையாது. அது போய்விட்டால் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு குடும்பமும் யார் வயலுக்காவது போக வேண்டியதுதான்.

வேனைக் கண்டுபிடித்தவன் தம்பி. மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்புகிற ஒரு கிடங்கு கம்பத்தில் இருந்தது. அவர்கள் புதிதாக லாரி வாங்கிவிட்டதால் பழைய வேனை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது பஸ்கள் உண்டு, லாரி நாலைந்து உண்டு. நாலு பக்கமும் மூடி, பின்னால் இரட்டைக் கதவு வைத்த வேன் நான் பார்த்தவரை அது ஒன்றுதான். பன்னிரண்டு வயதான வண்டி. மரச் சட்டத்தின் மேல் கரும்பச்சைத் தகடு அடித்திருக்கும். முன்னால் பித்தளை விளக்குகள். சீமையிலேயே இந்த மாதிரி வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்களாம், உதிரிச் சாமான் கிடைக்காதாம். தம்பி இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னான். பஸ் டிரைவர் ஒருவரோடு ஆறு மாதம் சுற்றி ஓட்டவும் பழகியிருந்தான். ஒரு மணி நேரத்தில் தேனி என்று அவன் சொன்னபோது எனக்கும் மனசு ஆடியது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

வேன் வாங்குவதென்றால் இரண்டு ஜோடி மாட்டையும் வண்டியையும் விற்றாக வேண்டும். ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் மாடு கேட்டிருந்தார். யோசித்தேன். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, வண்டியை நான் நேரில் பார்த்த பின்புதான் பேச்சு என்று சொன்னேன்.

விலை பேச என் மனைவியின் அண்ணனை அழைத்துக்கொண்டான் தம்பி. அவர் மாட்டுத் தரகர். உத்தமபாளையத்திலிருந்து ஆண்டிபட்டி வரை அவர் கை படாமல் நல்ல மாடு எதுவும் கைமாறுவதில்லை என்பது அவரே சொல்வது. மோட்டாருக்கு மாட்டுத் தரகர் எதற்கு என்று கேட்டேன். இழுக்கிறது எதுவானாலும் நான் பார்ப்பேன் என்றார். காலை வெளுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கம்பத்துக்குப் பகல் பஸ்ஸில் போய்ப் பகலிலேயே பார்த்துவிட்டு வரலாமே என்றேன்.

“மாட்ட வெறும் வயித்துல பாக்கணும் மாப்ள,” என்றார். “தண்ணி காட்டுனதுக்கப்புறம் எல்லா மாடும் கொழுத்த மாடுதான்.”

எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. விற்கிறவன் தவிடும் பிண்ணாக்கும் கரைத்துக் குடிக்கவைத்து மாட்டின் விலாவை நிரப்பிவிடுவான் என்பதற்காக, விடியலில், தொட்டிக்கு ஓட்டும் முன் போய் நிற்பார்கள். பெட்ரோல் குடிக்கிற வண்டிக்கு விலா ஏது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் விடியலில் மாடு பார்த்தே வளர்ந்தவன். அது சரியென்றே எனக்கும் பட்டது.

திங்கள் சாயங்காலம் கடைசி பஸ்ஸில் கம்பம் போய்ச் சத்திரத்தில் தங்கி, செவ்வாய் காலை ஐந்தரைக்குக் கிடங்கு வாசலில் நின்றோம். மலையிலிருந்து இறங்கிய காற்று பல்லைக் கிட்டவைத்தது. கிடங்குக் கணக்கர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் குமுளிக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதி மலையாளம் பாதித் தமிழ் பேசுவார். இந்த நேரத்தில் வந்து எழுப்பினார்களே என்ற சலிப்பு முகத்தில் தெரிந்தது. எங்களைவிடத் தம்பியையே அதிகம் பார்த்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மச்சான் வேனை மூன்று தடவை சுற்றி வந்தார். முன் தகட்டில் உள்வாங்கியிருந்த ஒரு நெளிவைத் தடவி, நெற்றியில் சுழி இருக்கிறது, இதற்கு விலை குறைக்க வேண்டும் என்றார். பின் சக்கரத்தைத் தட்டினார். குனிந்து முன்பக்கக் கம்பிகளுக்குள் பார்த்தபோது, பல்லைப் பிடித்து வயது பார்க்கப் போகிறாரோ என்று நினைத்தேன். பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். நான் என் பங்குக்குப் பென்சிலும் நோட்டுமாகப் பதினேழு இனங்களைப் பார்த்து எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது என் முன் இருக்கிறது. பதினோராவது இனம், தரைப் பலகை: உறுதி, கறை உண்டு. பதினான்காவது இனம், வாடை: மச்சானின் சுருட்டு தவிர வேறில்லை. கடைசியில் ஓரமாக இன்னொரு வரி: வண்டியின் அடியில் இரண்டு பூனைகள்.

பூனைகளை எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்.

பிறகு விலை. மச்சான் தோளிலிருந்த துண்டை உதறித் தன் கையையும் கணக்கர் கையையும் மூடினார். துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவது சந்தை வழக்கம். சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். அங்கே சுற்றி நின்றவர்கள் நானும் தம்பியும்தான். வாங்குகிறவன் நான், கூட்டத்தில் ஒருவனைப் போல நின்று துண்டு நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கர் நடுவில் ஒரு தடவை சிரித்து, தம்பியைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். மச்சான் விரலை அழுத்தியிருப்பார் போலும், நிறுத்திக்கொண்டார். முடிந்ததும் மச்சான் விலையைச் சொன்னார். நான் நினைத்ததில் பாதிக்குச் சற்று மேல். சந்தோஷப்பட்டேன். அச்சாரம் கொடுத்தோம். வியாழன் வேன் எங்கள் களத்துக்கு வரும், வெள்ளி சூரிய உதயத்தில் கயிறு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. மாடு விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்குகிறவன் புதுக் கயிறு கட்டுவான். அதற்குப் பிறகு மாடு திரும்பாது. இந்த வேனுக்கும் கயிறு மாற்றியே தீர வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

புதன்கிழமை வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதினெட்டு வருடமாக எங்களிடம் இருப்பவர். என் வயதுதான். மாடு போனால் அவருக்கு வேலை இல்லை. வேனில் கூடை ஏற்றி இறக்க வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், அதை நான் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை.

“வலத்து மயிலக்காளைக்குக் கழுத்துல பழைய புண்ணு இருக்கு மொதலாளி,” என்றார். “வெயிலு ஏறுனாத்தான் தெரியும். வாங்குறவுககிட்ட மறக்காம சொல்லிருங்க. தெரியாம நொகத்தடிய அழுத்திப்புடுவாக.”

சொல்கிறேன் என்றேன். நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

இனி வியாழன். வேனைக் களத்தில் நிறுத்திவிட்டு அதை ஓட்டி வந்தவர் கிடங்கு வேலையாக பஸ்ஸில் தேனிக்குப் போனார். பெட்ரோல் டின் வாங்கத் தம்பியும் கூடப் போனான். களத்தில் மரம் கிடையாது. வேன் வெயிலில் நின்றது. நான் கடைகளுக்கு வெற்றிலை அனுப்பிவிட்டு, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்கு அளவு நாடாவோடு வெளியே வந்தேன். கூடைகளை எத்தனை அடுக்காக வைக்கலாம் என்று உள்ளே அளந்து பார்க்க வேண்டும்.

பின் கதவைத் திறந்தேன். உள்ளிருந்து கருவாட்டு வாடை அடித்தது.

இலேசாக அல்ல. மூக்கில் அறைந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். தகடு கை வைக்க முடியாமல் கொதித்தது. தரைப் பலகையின் கறைகளிலிருந்து எண்ணெய் கசிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. விடியற்குளிரில் உறைந்து கிடந்ததெல்லாம் வெயிலில் உருகி வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை களத்துச் சுவரின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கூடையானாலும் புதுச் சருகானாலும் அதில் கொஞ்சம் வெற்றிலையை ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பாக்கும் சுண்ணாம்பும் இல்லாமல் வெறும் வெற்றிலையாக மென்று பார்ப்போம். வெற்றிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த இரண்டு கவுளியைச் சருகில் சுற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒன்றே நாற்பது. இரண்டே நாற்பதுக்கு எடுத்தேன். நான் மென்றேன். மனைவி மென்றாள். தொழுவத்திலிருந்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் ஒன்றைக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல்.

அவர் நாலு தடவை மென்றார். “சுண்ணாம்பு வேணாம் மொதலாளி,” என்றார். “கொஞ்சம் கம்மங்கூழு இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “தாம்பூலத் தட்டுல கருவாட்ட வச்சு நீட்டுன மாதிரி இருக்கும்,” என்றாள். “கண்ட பக்கமெல்லாம் நம்ம பேரு நாறிப்போகும்.”

என் கோபம் முழுவதும் அப்போது கிடங்குக் கணக்கர் மேல்தான் இருந்தது. நம்மை முட்டாளாக்கிவிட்டான், விடியலில் காட்டி ஏமாற்றிவிட்டான் என்று களத்தில் முன்னும் பின்னுமாக நடந்தேன். நாலு மணி பஸ்ஸில் அவரே வந்து இறங்கினார், மறுநாள் கயிறு மாற்றும்போது கொடுக்க வேண்டிய காகிதங்களோடு. உட்காரச் சொல்லவில்லை. வேனின் பின் கதவைத் திறந்து காட்டினேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் மறைக்கலையே,” என்றார். “மொத நாளே ஒங்க தம்பிய உச்சி நேரத்துல உள்ள ஏத்திக் காமிச்சாச்சு. ஆறு கொல்லம் உணக்கமீன் ஏத்துன வண்டி. விடியக்காலம் வரணும்னு கேட்டது நிங்களாக்கும்.”

உணக்கமீன் என்றால் கருவாடு, கொல்லம் என்றால் வருடம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மேலும் சொன்னார். துண்டுக்குள் பேசிய பேச்சே அந்த வாடையைப் பற்றியதுதானாம். வாடைக்கு இத்தனை குறை, வாடைக்கு இத்தனை குறை என்று மச்சான் விரல் விரலாக இறக்கினாராம். அண்ணனுக்கு இது தெரியுமா என்று கேட்க வந்தபோதுதான் விரலை நெரித்தாராம். நல்ல மனிதர். தப்பு என் வீட்டிலிருக்க, அவரை நான் வெயிலில் நிற்கவைத்துப் பேசினேன். மோர் கொடுத்து எங்கள் ஊர்ச் சத்திரத்துக்கு அனுப்பினேன்.

நாலே முக்காலுக்குத் தம்பி பெட்ரோல் டின்னோடு வந்தான். திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. டின்னைக் கீழே வைக்கக்கூட இல்லை.

தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஃபினாயில் போட்டு நாலு தடவை கழுவி, பலகையை இழைத்து, வேப்பெண்ணெய் தேய்த்தால் ஒரு மாதத்தில் போய்விடும் என்று பஸ் டிரைவர் சொன்னாராம். அந்த ஒரு மாதம் மதுரைக்கு எதை அனுப்புவது என்று கேட்டேன். விடியலில் பார்க்கலாம் என்று மச்சானைச் சொல்லச் சொன்னது நீயா என்று கேட்டேன். நான்தான் என்றான். அதை அவன் தலை குனியாமல் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

“வாடை இருக்குன்னு சொல்லியிருந்தா வாங்கச் சம்மதிச்சிருப்பீகளா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.” டின்னை இறக்கி வைத்தான். “எதக் கேட்டாலும் நோட்டுல பார்க்கலாம்னு எழுதி மூடிருவீக அண்ணே. மாசி பொறந்ததுலருந்து வெத்தல கருகுது, நீங்க எத்தன கருகுச்சுன்னு எழுதிக்கிட்டிருக்கீக. வேற என்ன பண்ணுனீக?”

கையை ஓங்கிவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், குடும்பஸ்தனான தம்பியை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அந்த நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். கையில் மஞ்சள் தடவிய புதுத் தாம்புக் கயிறு. வேனின் முன் இரும்பில் கட்டுவதற்கு.

அவர் நிலைமையைப் புரிந்துகொள்ள அதிக நேரமாகவில்லை. வெட்கப்படவும் இல்லை. வாடைக்காகத்தானே அத்தனை விலை இறக்கினேன், குறையுள்ள மாட்டைக் குறைந்த விலைக்குப் பிடிப்பதுதானே தரகு என்றார்.

“யாருக்காக எறக்குனீக?” என்று கேட்டேன்.

“என்ன மாப்ள இப்படிக் கேக்குறீக. ஒங்களுக்குத்தான்.”

“எனக்குன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. ஒங்க துண்டு யாருகிட்டருந்து மறைச்சுச்சு?”

என் மனைவி வாசலில் வந்து நின்றாள். அவள் அண்ணன். என்ன சொல்லப் போகிறாளோ என்று எல்லோரும் பார்த்தோம். அவள் வேனைப் பார்த்தபடி, “சுருட்டு எதுக்குப் பிடிச்சீக அண்ணே? நீங்க வெறும் வயித்துல பிடிக்க மாட்டீகளே,” என்று மட்டும் கேட்டாள். மச்சான் கயிற்றை வேனின் படியில் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வேன் வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வெற்றிலையை மென்றபோதே அது முடிந்துவிட்டது. கயிறு மாறவில்லை, ஆகையால் பின்வாங்கலாம். அச்சாரம் போகும், போகட்டும். சத்திரத்துக்குப் போய்க் கணக்கரிடம் சொன்னேன். காலையில் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆண்டிபட்டிக்காரருக்கு மாடு விற்பதற்கில்லை என்று எழுதி ஆறு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். வண்டிக்காரரிடம் நாளைக்கு வழக்கம்போல வண்டி கட்ட வேண்டும் என்றேன். சரி மொதலாளி என்றார்.

இதெல்லாம் சுலபம். வெள்ளிக்கிழமை வெயில் அப்படியே இருக்கும். வீரபாண்டியில் ஒன்றரை மணி நேரம் அப்படியே இருக்கும். சித்திரை முதல் தேதி அப்படியே வரும்.

விளக்கேற்றியதும், விடியும்வரை பொறுக்க முடியாமல், நோட்டை எடுத்து அன்றைய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். தம்பி சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவன் சொன்னது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் பழைய நோட்டுகளை இறக்கினேன். வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பவன் நான், தேட நேரமாகவில்லை. 1934, பங்குனி. வண்டிக்காரர் சொன்னது என்று என் கையெழுத்தில் ஐந்து வரி. வீரபாண்டியில் அவருடைய அக்கா வீட்டுத் தொழுவம் சும்மா கிடக்கிறது. ஒரு ஜோடியை விடியலிலேயே அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டால், பதினோரு மணி வண்டி அங்கே போனதும் அலுத்த ஜோடியை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய ஜோடியைப் பூட்டலாம். வண்டி நிற்க வேண்டாம். வெற்றிலை நிற்க வேண்டாம். இதன் கீழே, அடிக்கோடிட்டு: பார்க்கலாம்.

இரண்டு வருடம். அந்த மனிதர் ஒரு தடவை சொல்லிவிட்டு, நான் எழுதிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, எழுதியிருக்கிறாரே என்று பேசாமல் இருந்திருக்கிறார். இரண்டு பங்குனியில் எத்தனை கூடை கருகியது என்பதும் அதே நோட்டுகளில் தேதி வாரியாக இருக்கிறது. மச்சான் துண்டுக்குள் மறைத்தார், தம்பி விடியலில் மறைத்தான். எனக்கு மறைக்கத் துண்டும் தேவைப்படவில்லை. அழகான கையெழுத்தில் எழுதி மூடிவிட்டேன். அவர்கள் மேல் இருந்த கோபம் குறையவில்லை. இது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது என் கையில் பென்சில் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு எழுந்தேன். நோட்டைத் தொடவில்லை. களத்துக்குப் போய், வேனின் படியில் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்தேன். தொழுவத்தில் வண்டிக்காரர் எனக்கு முன்பே எழுந்து கூளம் போட்டுக்கொண்டிருந்தார். வீரபாண்டியில் அக்கா வீடு எந்தத் தெரு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். கோயிலுக்கு மேற்கே, வேப்பமரம் நிற்கிற வீடு என்றார். தம்பியும் எழுந்து வந்து தூணோரம் நின்றான். கிள்ளுகிறவர்கள் ஆறு மணிக்கு வருவார்கள், கூடை பதினோரு மணிக்குள் ஏற வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். வலத்து மயிலைக்காளையின் கழுத்துப் புண்ணில் உராயாமல் கயிற்றைக் கொம்போடு சேர்த்துக் கட்டி, அதன் ஜோடியையும் பிடித்துக்கொண்டு, தேனி ரோட்டில் வீரபாண்டியைப் பார்த்து நடந்தேன்.